ஆனந்த சங்கரின் ஒன்பது பாட்டும் லண்டன் எடுத்துக்கொண்ட இரண்டும்

ஆனந்த சங்கர் என்று ஒரு சிதார்க்காரர் இருந்தார் என்று யாரிடமாவது பேச்சை ஆரம்பித்தால் அடுத்த நொடி வரும் கேள்வி ஒன்றுதான்: "ரவிசங்கருக்கு என்ன வேணும்?" அண்ணன் பிள்ளை. அதோடு கேள்வியும் முடிந்தது, பேச்சும் முடிந்தது. சித்தப்பாவின் நிழல் அவ்வளவு பெரிது. அந்த உறவுக் கணக்கை ஒரு பத்தியில் தீர்த்துவிட்டு, சொல்ல வந்த விஷயத்துக்குப் போய்விடுகிறேன். விஷயம் அவருடைய இரண்டாவது ஆல்பம். 1975ல் வந்தது. ஒன்பது பாட்டு. (பாட்டு என்பது பேச்சு வழக்குக்குச் சொல்வது. வாத்திய இசைதான்.)

அப்பா உதய சங்கர், இந்திய நடனத்தை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனவர். அம்மா அமலா சங்கரும் நடனக் கலைஞர். இருவரும் நடித்து 1948ல் வந்த 'கல்பனா' படத்தை எடுத்தது நம்ம சென்னை ஜெமினி ஸ்டுடியோவில். 'சந்திரலேகா' வந்த அதே வருடம், அதே ஸ்டுடியோ. ஆனந்த சங்கர் 1942ல் அல்மோராவில் பிறந்தவர். ஆக அவருடைய சின்ன வயதில் குடும்பத்தின் பெரிய வேலை மெட்ராஸில் நடந்துகொண்டிருந்தது. சிதாரை அவர் சித்தப்பாவிடம் கற்றுக்கொள்ளவில்லை, காசியில் லால்மணி மிஸ்ராவிடம் கற்றுக்கொண்டார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டுக்குள்ளேயே உலகப் புகழ் வாத்தியார் இருக்கும்போது வெளியே போய்ப் படிப்பதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும்.

உறவு முடிந்தது. இனி இசை.

1960களின் கடைசியில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறார். சைக்கடெலிக் ராக் உச்சத்தில் இருந்த காலம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பாட்டு வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி மூன்று நிமிடத்தில் எழுந்து போகாமல், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மயக்கம் வரவைக்க வேண்டும் என்று நினைத்த இசை அது. கிடார் சத்தத்தை இழுப்பார்கள், வளைப்பார்கள், எதிரொலிக்க வைப்பார்கள். சிதாருக்கு இதெல்லாம் பிறவிக் குணம். கீழே ஓயாமல் ஒலிக்கும் சுருதி, மேலே வளையும் கம்பி. 1965ல் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றில் ஜார்ஜ் ஹாரிசன் சிதார் வாசித்த பிறகு ஆளாளுக்கு அதன் பின்னால் ஓடினார்கள். பெரும்பாலும் உப்பு போட மறந்து மேலே தூவிய மாதிரிதான் இருக்கும், பாட்டோடு கலந்திருக்காது.

ஆனந்த சங்கர் எதிர்த் திசையிலிருந்து வந்தார். சிதார் தெரிந்த ஆள் ராக்கைத் தேடிப் போனார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். ஹெண்ட்ரிக்ஸின் ரெக்கார்டுகளை அமெரிக்காவில் வெளியிட்ட அதே ரிப்ரைஸ் கம்பெனிதான் 1970ல் இவருடைய முதல் ஆல்பத்தையும் வெளியிட்டது. அதில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்று, டோர்ஸ் பாட்டு ஒன்று, இரண்டையும் சிதாரில் வாசித்தார். கூடவே மூக் சிந்தசைசரும் உண்டு. நல்ல ஆல்பம். ஆனால் கடையைத் திறந்தவுடன் பக்கத்துக் கடைச் சரக்கையும் இரண்டு எடுத்து முன்னால் அடுக்கி வைத்த மாதிரி ஒரு பயம் அதில் எனக்குத் தெரிகிறது. "இது உங்களுக்குத் தெரிந்த பாட்டுதான், உள்ளே வாங்க" என்கிற பயம்.

அப்புறம் அவர் செய்ததுதான் ஆச்சரியம். கல்கத்தாவுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

1975ல் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா (நம் தாத்தாக்களுக்கு எச்எம்வி, நாய் படம் போட்ட கம்பெனி) வெளியிட்ட 'ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்' தான் இரண்டாவது ஆல்பம். ஒன்பதுமே சொந்த உருப்படி. இரவல் பாட்டு ஒன்றுகூட இல்லை. தலைப்புகளை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்: ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கட்டா, சைரஸ், த லோன்லி ரைடர், த ரிவர், விதாய், பேக் ஹோம், டான், ரினன்சியேஷன், டான்சிங் டிரம்ஸ்.

கல்கத்தா தெருவில் ஆரம்பிக்கிறது. தனியாக ஒருவன் குதிரையில் போகிறான். நதி. பிறகு விடைபெறுதல். (இந்தியில் விதாய், தமிழில் விடை. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது அழுவார்களே, அந்த வார்த்தை.) உடனே அடுத்த பாட்டு, வீடு திரும்புதல். பிறகு விடியல், துறவு, கடைசியில் டிரம்ஸ் ஆட்டம். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஆள் இந்த வரிசையைத் தற்செயலாக வைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. நடுவில் விடைபெறுவதும் வீடு வருவதும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. எங்கிருந்து விடைபெற்றார், எது வீடு என்று நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே ஒரு இருபது வருடத்தைத் தாண்டுகிறேன். 1990களின் லண்டன்.

டிஜே என்றால் நமக்குக் கல்யாண ரிசப்ஷனில் கண்ணாடி போட்டுக்கொண்டு கத்துகிறவர்தான் ஞாபகம் வரும். அங்கே சில டிஜேக்கள் கிட்டத்தட்ட தொல்பொருள் துறை. பழைய தட்டுக் கடைகளில் குப்பையைக் கிளறி, யாரும் கேட்காத எல்பி ஒன்றை எடுத்து, அதில் மற்ற வாத்தியமெல்லாம் அடங்கி டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகளைத் தேடுவார்கள். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் ஆடுவதற்கு ஒரு புதுப் பாட்டு தயார். இப்படித் தேடுகிறவன் கையில், மேற்கத்திய டிரம் செட்டும் தபலாவும் மோதிக்கொண்டு ஓட, அதற்கு மேலே சிதார் பறக்கும் ஒரு இந்திய எல்பி கிடைத்தால் விடுவானா? 1996ல் ப்ளூ நோட் கம்பெனி வெளியிட்ட 'ப்ளூ ஜூஸ்' என்ற தொகுப்பில் இந்த ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டு சேர்ந்தது. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும். ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கட்டா, டான்சிங் டிரம்ஸ்.

நேரமும் கூடி வந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த இந்திய, பாகிஸ்தானி, வங்காளதேசப் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு இசையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தபலா வாசித்துக்கொண்டே எலக்ட்ரானிக் இசை செய்த தல்வின் சிங் 1999ல் மெர்க்குரி பரிசே வாங்கினார். "எங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் இதைச் செய்திருக்கிறார்" என்று அவர்களுக்கு ஒரு பெரியப்பா தேவைப்பட்டார். ஆனந்த சங்கர் கிடைத்தார். 1998ல் ஸ்டேட் ஆஃப் பெங்கால் என்ற பெயரில் இயங்கிய சாம் ஜமானோடு சேர்ந்து இங்கிலாந்தில் மேடையேறினார். பெயரைப் பாருங்கள், அவரும் வங்காளம்தான், ஆனால் லண்டன் வங்காளம். இருவரும் சேர்ந்து செய்த 'வாக்கிங் ஆன்' ஆல்பம் 2000ல் வந்தது. ஆனந்த சங்கர் அதைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. 1999 மார்ச்சில் கல்கத்தாவில் காலமாகிவிட்டார். வயது 56.

அதற்குப் பிறகு 2008ல் லிட்டில் பிக் பிளானட் என்ற பிளேஸ்டேஷன் விளையாட்டில் டான்சிங் டிரம்ஸ் வந்தது. இன்றைக்கு என் வயதுக்காரர்கள் பலருக்கு அவரைத் தெரிந்திருப்பது அதன் வழியாகத்தான். ஹாஸ்டலில் நான் இதைப் போட்டபோது பக்கத்து ரூம் நண்பன் ஓடிவந்து, "டேய், இது அந்த சாக்குப்பை பொம்மை கேம் பாட்டுடா!" என்றான். சிதார் வாசித்தவர் யார் என்று சொன்னேன். "ரவிசங்கரா?" என்றான்.

ஆக 1996லிருந்து இந்த ஆல்பம் என்றால் இரண்டு பாட்டு என்றே ஆகிவிட்டது. மீதி ஏழும் பொட்டலம் கட்டிய காகிதம் மாதிரி. 2000களில் முழு ஆல்பமும் சிடியாக மறுபடி வந்தது, பிறகு தட்டாகவும். அதன் பிறகுதான் அந்த ஏழும் பரவலாகக் காதில் விழ வாய்ப்பு வந்தது. மறுவெளியீடு என்பது பழைய பொருளைத் திரும்ப விற்பது மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். தொகுப்பு வெட்டிப்போட்டதை மறுவெளியீடு திரும்ப ஒட்டித் தருகிறது. முழுசாகக் கேட்டால் அந்த இரண்டு பாட்டின் அர்த்தமே மாறிவிடுகிறது.

ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கட்டாவை எடுத்துக்கொள்வோம். லண்டன் கிளப்பில் அது ஆட்டப் பாட்டு. சந்தேகமே இல்லை, பேஸ் கிடார் நடக்கிற நடைக்குக் கால் தானாக ஆடும். ஆனால் இதற்கு முந்தைய வருடம், 1974ல், ஆனந்த சங்கர் மிருணாள் சென்னின் 'கோரஸ்' படத்துக்கு இசையமைத்து தேசிய விருது வாங்கியிருக்கிறார். அந்தப் படத்தின் கதை என்ன தெரியுமா? ஒரு கம்பெனி நூறு பேருக்கு வேலை என்று அறிவிக்கிறது. முப்பதாயிரம் பேர் விண்ணப்பம் போடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. அந்த வரிசை கோபமாக மாறுவதுதான் படம்.

அதை மனசில் வைத்துக்கொண்டு 1975ல் வந்த கல்கத்தா தெருவைக் கேளுங்கள். அந்த நடை எனக்கு இப்போது ஊர் சுற்றும் நடையாகக் கேட்கவில்லை. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்த கம்பெனி வாசலுக்கு வேகமாகப் போகிறவனின் நடையாகக் கேட்கிறது. இது என் காதின் கோளாறாகக்கூட இருக்கலாம். நான் பி.காம். கடைசி வருடம். கேம்பஸ் இன்டர்வியூ அன்றைக்கு எங்கள் காலேஜ் வராந்தாவில், இரவல் டை கட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். முப்பதாயிரம் இல்லை, முந்நூறு பேர் இருப்போம். சீனியர்களில் பாதிப் பேர் பெங்களூர், மீதி சிங்கப்பூர் போக வழி பார்க்கிறார்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் இருப்பதால் எங்களுக்கு அது ஏதோ விராலிமலைக்கு அடுத்த ஊர் மாதிரி. "போனவன் எவன் திரும்பி வர்றான்" என்பது இங்கே பெருமையாகச் சொல்கிற வாக்கியம். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஹெண்ட்ரிக்ஸோடு வாசித்துவிட்டுத் திரும்பி வந்த ஆள் 'பேக் ஹோம்' என்று பெயர் வைத்த பாட்டைக் கேட்கும்போது என்னவோ செய்கிறது.

எல்லாமே உசத்தி என்று சொல்லமாட்டேன். 'த ரிவர்' எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா ஒருமுறை கேட்டுவிட்டு, தூர்தர்ஷனில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று அட்டை போடும்போது இதைப் போட்டிருக்கலாம் என்றார். கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் சரியான விமர்சனம். 'த லோன்லி ரைடர்' கௌபாய் படக் குதிரை. ரசிக்கலாம், இரண்டு தடவைக்கு மேல் தாங்காது.

ஸ்ரீரங்கத்தில் தாத்தாவுக்கும் போட்டுக் காட்டினேன். சித்திரை வீதியில் இருக்கிறார். திருச்சி வானொலியில் கச்சேரி கேட்டே வளர்ந்தவர், சுருதி கால் இஞ்ச் விலகினாலும் முகம் சுளிப்பவர். டான்சிங் டிரம்ஸை ஒரு நிமிடம் கேட்டார். "வாசிக்கத் தெரிஞ்சவன்தான். ஆனா ராகத்துக்குள்ள வந்து உக்காரவே மாட்டேங்கறான். வாசல்லயே நின்னுண்டு 'சௌக்கியமா'ன்னு கேட்டுட்டுப் போயிடறான்."

இதைவிட நல்ல குறை ஒன்றை இந்த ஆல்பத்தைப் பற்றி யாரும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். உண்மைதான். நாலு நிமிடத்தில் ஆலாபனைக்கு இடம் கிடையாது. கச்சேரிக் கணக்கில் பார்த்தால் இவர் எல்லா வீட்டு வாசலிலும் நின்றுவிட்டுப் போகிறவர். ஆனால் தெருவைப் பற்றி இசையமைப்பவர் வாசலில் நிற்காமல் வேறு எங்கே நிற்பார்? இதைத் தாத்தாவிடம் சொன்னேன். "பேச்சு நன்னாத்தான் இருக்கு" என்றார். ஜெயித்தேனா தோற்றேனா தெரியாது.

பிறகு ரினன்சியேஷன் போட்டேன். இதற்கு அவர் வாயே திறக்கவில்லை. முடிந்ததும், "இதைப் பகல்ல போடக் கூடாதுடா" என்று மட்டும் சொன்னார். இராப்பத்து நாட்களில் ராத்திரி நம்பெருமாள் மூலஸ்தானம் திரும்பும்போது வீணை வாசிப்பார்களே, அந்த ஏகாந்தத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போகிறவர் அவர். கம்பி வாத்தியத்துக்கு எது நேரம் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் இந்தப் பாட்டுக்கு இடம் கொடுத்தார் என்றே எடுத்துக்கொண்டேன். லண்டன் எடுக்காமல் விட்ட ஏழில் ஒன்று இது என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

இனி கொஞ்சம் காசுக் கணக்கு. காமர்ஸ் படிக்கிறவனிடம் இதை எதிர்பார்த்திருப்பீர்கள். :-)

கடையில் விற்காமல் கிடக்கும் சரக்கை, வாங்கிய விலை, விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் கணக்கில் காட்ட வேண்டும் என்று முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். கிடக்கக் கிடக்க மதிப்பு இறங்கும் என்பதுதான் எங்கள் பாடத்தின் அடிப்படை நம்பிக்கை. பழைய எல்பிக்கு அது தலைகீழ். அரிதாக ஆக ஆக விலை ஏறுகிறது. ஆனால் அந்த ஏற்றத்தில் இசையமைத்தவருக்கு ஒரு பைசா கிடையாது. 1975ல் அச்சான தட்டை இன்று ஒருவர் இன்னொருவருக்கு என்ன விலைக்கு விற்றாலும் அது அவர்கள் இருவரின் வியாபாரம். நம் காப்புரிமைச் சட்டம் 53ஏ பிரிவில் மறுவிற்பனைப் பங்கு என்று ஒன்று உண்டு. ஓவியம், சிற்பம், கையெழுத்துப் பிரதி இவற்றின் மூலப் பிரதி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கைமாறினால் படைத்தவர் பங்கு கேட்கலாம். ஃபாக்டரியில் அச்சடித்த தட்டு அதில் வராது.

ஆகவே படைத்தவர் குடும்பத்துக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டுமென்றால் முறைப்படி உரிமை வாங்கிச் செய்யும் மறுவெளியீடுதான் வழி. அங்கேயும் ஒரு முடிச்சு. ஒலிப்பதிவு ஒரு சொத்து, அதில் இருக்கும் இசை இன்னொரு சொத்து. ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்த கம்பெனிக்கு, வெளிவந்த ஆண்டுக்குப் பிறகு 60 வருடம். 1975க்கு 2035 முடிய. (அந்தக் கம்பெனி 2000லிருந்து சரிகம என்ற பெயரில் இயங்குகிறது.) இசையின் உரிமை இசையமைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 வருடம். 1999க்கு 2059 முடிய. அதாவது 2036 ஜனவரியில் டேப்பில் இருக்கும் சத்தம் பொதுச் சொத்து ஆகிவிடும், அந்தச் சத்தத்துக்குள் இருக்கும் மெட்டு ஆகாது. பிசினஸ் லா பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

"வெள்ளைக்காரன் சொன்னால்தான் நமக்குத் தெரியும்" என்று இந்தக் கதையை வழக்கமான புலம்பலாக முடிப்பது சுலபம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பதிவு செய்து வெளியிட்டது இங்கேயுள்ள கம்பெனி. விருது கொடுத்தது இங்கேயுள்ள அரசாங்கம். கல்கத்தாவில் மனைவி தனுஸ்ரீ சங்கரின் நடனத்தோடு சேர்த்து அவர் கடைசி வரை மேடை ஏறிக்கொண்டுதான் இருந்தார். அவர் தொலைந்துபோகவே இல்லை. லண்டன் கண்டுபிடித்தது அவரை இல்லை, அவருடைய இரண்டு பாட்டை. அதற்கும் நன்றிதான், அந்த இரண்டு இல்லாவிட்டால் என் ஹாஸ்டல் ரூம் வரை மீதி ஏழு வந்து சேர்ந்திருக்காது.

கேட்கப் போகிறவர்களுக்கு: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் மொத்தமும் காணாமல் போய்விடும். முதல் தடவை ஒன்றிலிருந்து ஒன்பது வரை, வரிசையைக் கலைக்காமல். நேரமில்லை என்றால் விதாய், பேக் ஹோம், டான், ரினன்சியேஷன், இந்த நாலை மட்டும் ராத்திரி பத்து மணிக்கு மேல். ஒன்பதில் எது பிடித்தது என்று எனக்குச் சொல்லுங்கள். டான்சிங் டிரம்ஸ் என்று சொல்பவர்கள் நேராகச் சித்திரை வீதிக்குப் போய்த் தாத்தாவிடம் சொல்லிக்கொள்ளவும்.